வரிசை தெரியாத இடத்துக்குப் பிரைமர் எழுதுவது எப்படி: ஹைட்ராவில் ஒரு தேடல்

"வரிசையே தெரியாதுன்னா பிரைமரை எப்படி அக்கா எழுதறது?"

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்கிறவரைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏனென்றால் டிஎன்ஏவைக் குழாயில் பல கோடி நகல்களாகப் பெருக்கும் பிசிஆர் முறையின் அடிப்படைச் சிக்கலே இதுதான். ஒரு டிஎன்ஏ துண்டைப் பெருக்க வேண்டும் என்றால் அதன் இரண்டு முனைகளிலும் என்ன எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்று குறிக்கும் நான்கு வேதி அலகுகள்) இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த எழுத்துகளுக்குப் பொருந்தும் குட்டி டிஎன்ஏ இழைகள்தான் பிரைமர்கள். முனை தெரியாவிட்டால் பிரைமர் இல்லை, பிரைமர் இல்லாவிட்டால் பெருக்கமும் இல்லை. அப்படியிருக்க, இதுவரை யாரும் படித்திராத ஓர் உயிரின் டிஎன்ஏவுக்குள் இதே முறையை வைத்துக்கொண்டு எப்படி நுழைவது? நான் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிசிஆர் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். 50 முதல் 60 டிகிரிக்குள் குளிரவைத்தால் பிரைமர்கள் தங்களுக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டும். 72 டிகிரியில் பாலிமரேஸ் நொதி அங்கிருந்து புதிய இழையை வளர்க்கும். இது ஒரு சுற்று. சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பதால் 30 சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒரு மூலக்கூறு 107 கோடியைத் தாண்டும். கேரி முல்லிஸ் இந்த யோசனையை 1983இல் எட்டினார், 1993இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஆரம்பத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சூட்டில் நொதி செத்துப்போகும். திரும்பத் திரும்பப் புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைத் தீர்த்தது ஒரு பாக்டீரியா. 1966இல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் எடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் அது. அதன் பாலிமரேஸை 1976இல் ஆலிஸ் சியென்னும் உடன் உழைத்தவர்களும் பிரித்தெடுத்து விவரித்தார்கள். அந்த நொதி பிசிஆரில் அறிமுகமான ஆய்வுக் கட்டுரை வந்தது 1988இல். வெந்நீரில் என்ன வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் தொடங்கிய வேலை அது. எளிய உயிர்களை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சரி, கேள்விக்கு வருவோம். தெரியாத உயிருக்குப் பிரைமர் எழுத ஒரு வழி இருக்கிறது. உயிர்கள் எல்லாம் உறவுக்காரர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்தாலும், மாறினால் உயிர் பிழைக்க முடியாது என்ற சில இடங்கள் மாறாமலே இருக்கின்றன. தெரிந்த உயிர்களின் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்து, அப்படி மாறாத இரண்டு இடங்களைப் பிடித்து, அங்கே பிரைமர்களை வைத்தால், நடுவில் இருக்கும் தெரியாத பகுதி வெளியே வரும்.

நாங்கள் வளர்ப்பது ஹைட்ரா. நன்னீரில் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒரு குழாய், மேலே வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். 1740களில் ஆபிரகாம் டிரம்ப்ளே இதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் முழு ஹைட்ராவாக வளர்வதைப் பார்த்தார். தலை எங்கே, கால் எங்கே என்று ஒவ்வொரு துண்டுக்கும் எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விதான் என்னை ஹோமியோபாக்ஸ் பக்கம் இழுத்தது.

பழ ஈயில் எந்த உறுப்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுக்களில் 180 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி திரும்பத் திரும்ப வருவதை 1984இல் கண்டார்கள். அதுதான் ஹோமியோபாக்ஸ். அது 60 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதப் பகுதியாக மாறுகிறது. அந்தப் பகுதி டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு மற்ற மரபணுக்களை இயக்குகிறது, நிறுத்துகிறது. ஈயில் இருப்பது எலியிலும் இருந்தது, மனிதனிலும் இருந்தது. ஹைட்ரா போன்ற எளிய விலங்குகளிலும் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தவர்களுக்குக் கையில் இருந்த கருவி இதே பிசிஆர்தான்.

இந்த 60 அமிலங்களில் இரண்டு இடங்கள் பலமாக மாறாமல் இருக்கின்றன. 15 முதல் 20 வரை ஈ-எல்-ஈ-கே-ஈ-எஃப். 48 முதல் 53 வரை டபிள்யூ-எஃப்-க்யூ-என்-ஆர்-ஆர். ஓர் எழுத்து ஓர் அமிலம். இந்த இரண்டுக்கும் பிரைமர் எழுத வேண்டும். இங்கேதான் அடுத்த முடிச்சு விழுகிறது: புரதத்தின் வரிசை தெரிந்தாலும் டிஎன்ஏவின் வரிசை முழுதாகத் தெரிந்துவிடாது. ஓர் அமிலத்தைக் குறிப்பது மூன்று டிஎன்ஏ எழுத்து சேர்ந்த ஒரு குறியீடு, ஆனால் ஒரே அமிலத்துக்குப் பல குறியீடுகள் இருக்கலாம். டிரிப்டோஃபானுக்கு (மேலே டபிள்யூ) டிஜிஜி என்ற ஒரே குறியீடு. குளூட்டமிக் அமிலத்துக்கு ஜிஏஏ, ஜிஏஜி என்று இரண்டு. லூசினுக்கும் ஆர்ஜினினுக்கும் செரினுக்கும் ஆறு ஆறு. நம் ஹைட்ரா எதைப் பயன்படுத்தியிருக்கும் என்று தெரியாது.

அதனால் எல்லாச் சாத்தியங்களையும் கலந்து ஒரே குழாயில் தயாரிக்கிறோம். பெயருக்குத்தான் ஒரு பிரைமர், உள்ளே இருப்பது ஒரு கூட்டம். ஈ-எல்-ஈ-கே-ஈ-எஃப் பகுதிக்கான முன்னோக்கிய பிரைமரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளூட்டமிக் 2, லூசின் 6, குளூட்டமிக் 2, லைசின் 2, குளூட்டமிக் 2, கடைசியில் ஃபினைல் அலனின் 2. பெருக்கினால் 192. ஆனால் ஃபினைல் அலனினின் குறியீடுகள் டிடிடி, டிடிசி. முதல் இரண்டு எழுத்தும் நிச்சயம், மூன்றாவதுதான் சந்தேகம். அந்த ஓர் எழுத்தை எழுதாமல் விட்டுவிட்டால் 17 எழுத்துப் பிரைமர், 96 வகை. இதில் இன்னொரு பெரிய லாபமும் உண்டு. பாலிமரேஸ் இழையை வளர்ப்பது பிரைமரின் எழுத்துகள் முடியும் பக்கத்திலிருந்து, அதை 3' முனை என்பார்கள். அந்த முனை கச்சிதமாக ஒட்டியிருந்தால்தான் வேலை நடக்கும், மறுமுனையில் ஒன்றிரண்டு பொருந்தாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளும். இப்போது நம் பிரைமரின் முனையில் இருக்கும் இரண்டு எழுத்தும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை.

டபிள்யூ-எஃப்-க்யூ-என்-ஆர்-ஆர் பகுதிக்கான பின்னோக்கிய பிரைமர் இன்னும் அழகு. அது எதிர் இழையில் எழுதப்படுவதால் அதன் 3' முனை டிரிப்டோஃபான் மேல் போய் உட்காரும். ஒரே குறியீடு உள்ள அமிலம். மூன்று எழுத்தும் உறுதி. அதற்குப் பின்னால் ஆர்ஜினின் இரண்டு இருப்பதால் மொத்தம் 288 வகை வந்தாலும், முக்கியமான முனை எல்லா வகையிலும் ஒன்றுதான்.

வகைகள் பெருகப் பெருக, சரியாகப் பொருந்தும் பிரைமரின் பங்கு குறையும். 96 வகை என்றால் நாம் ஊற்றியதில் 96இல் ஒரு பங்குதான் முழுதாகப் பொருந்துவது. மீதி எல்லாம் வேறெங்காவது போய் ஒட்டத் தயாராக இருக்கும். குறைக்க வழி உண்டா? ஹைட்ராவில் உண்டு. 2010இல் வெளியான ஹைட்ரா மரபணுத்தொகுதியில், அதாவது அதன் முழு டிஎன்ஏ வரிசையில், ஏயும் டியும் சேர்ந்து 71 சதவீதம். அப்படிப்பட்ட உயிர், குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஏ, டி பக்கமே சாயும். லூசினுக்கு டிடிஏ, டிடிஜி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஆர்ஜினினுக்கு ஏஜிஏ, ஏஜிஜி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு பிரைமரும் 32 வகைக்கு இறங்கிவிடும். இது துணிந்து எடுக்கும் முடிவு. அந்த இடத்தில் சிடிடி வைத்திருக்கும் ஒரு மரபணு நம் கையில் சிக்காமலே போகலாம். நான் இரண்டு விதமாகவும் வைத்து ஓட்டுவேன், 32 வகைக் குழாய் ஒன்று, முழு வகைக் குழாய் ஒன்று. எது எதைப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு படிப்பு.

பிரைமரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டிஎன்ஏ யாருடையது என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுவார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். ஹைட்ராவுக்கு நாங்கள் போடுவது ஆர்ட்டீமியா குஞ்சுகள், உப்புநீரில் பொரியும் குட்டி ஓட்டுமீன் இனம். அதற்கும் ஹோமியோபாக்ஸ் மரபணுக்கள் இருக்கின்றன. நம் பிரைமர் மாறாத இடத்தைப் பிடிப்பதற்காகவே எழுதப்பட்டது, ஹைட்ராவையும் அதன் வயிற்றில் கிடக்கும் இரையையும் அது வேறுபடுத்திப் பார்க்காது. அதனால் டிஎன்ஏ எடுப்பதற்கு முன்பு ஹைட்ராவைப் பட்டினி போட்டு, தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றி, குழல் முழுக்கக் காலியானதை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் எடுப்போம். பச்சை ஹைட்ராவாக இருந்தால் உடம்புக்குள்ளேயே குளோரெல்லா பாசி குடியிருக்கும், அதன் டிஎன்ஏவும் கூடவே வரும். பழுப்பு ஹைட்ராவிலும் தோலின் மேல் பாக்டீரியாக்கள் உண்டு. 2010இல் ஹைட்ராவின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, கூடவே வாழும் கர்விபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொகுதியும் சேர்ந்தே கிடைத்தது. இதுபோக மனிதனுக்கு 200க்கும் மேற்பட்ட ஹோமியோபாக்ஸ் மரபணுக்கள். கையுறை, வடிகட்டி வைத்த பிப்பெட் டிப், டிஎன்ஏ சேர்க்காமல் வெறும் தண்ணீர் விட்ட ஒரு குழாய், இவை இல்லாமல் நான் யாரையும் மெஷின் பக்கம் விடுவதில்லை.

வெப்பநிலையை ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒட்டும் கட்டத்தை உயரமாக ஆரம்பித்துச் சுற்றுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கிக்கொண்டு வருவோம். முதல் சுற்றுகளில் நன்றாகப் பொருந்தியவை மட்டும் ஒட்டிப் பெருகும், பிறகு தளர்த்தினாலும் அவை முந்தி நிற்கும். கலப்புப் பிரைமர்களுக்கு இதைவிட உதவியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஜெல், டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் அகரோஸ் கூழ். 15ஆம் அமிலத்திலிருந்து 53ஆம் அமிலம் வரை 39 அமிலங்கள், மும்மூன்று எழுத்தாக 117. நாம் எதிர்பார்க்கும் பட்டை அவ்வளவு சின்னது. சாதாரண 1 சதவீத அகரோஸில் அது கலங்கிப்போகும், 3 சதவீதம் வேண்டும். அவ்வளவு கெட்டியான அகரோஸைக் கட்டியில்லாமல் உருக்குவதற்கே பொறுமை தேவை. பொங்கும்போது நிறுத்தி, சுழற்றி, மறுபடி சூடாக்கி, கண்ணாடிபோல் தெளியும்வரை விடக் கூடாது. இன்னொரு விஷயம், வழக்கமாகச் சேர்க்கும் நீலச் சாயமான புரோமோஃபினால் புளூ இப்படிச் சின்னப் பட்டைகளின் அருகிலேயே ஓடும். புற ஊதா வெளிச்சத்தில் அதன் நிழல் விழுந்து மங்கலான பட்டை மறைந்துவிடும். ஆரஞ்சு ஜி சாயம் அவற்றுக்கு முன்னால் ஓடிவிடுவதால் அதைத்தான் பயன்படுத்துகிறோம். நாம் எதிர்பார்க்கும் பட்டைக்குக் கீழே, 40 எழுத்துப் பக்கத்தில் ஒரு மொத்தையான வெளிச்சம் தெரிந்தால் அது பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அதற்கு மேலே தனியாக, 100ஐத் தாண்டிய இடத்தில் மெல்லிய கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர்க் குழாயின் ஓட்டத்தில் அந்தக் கோடு இருக்கவே கூடாது.

அந்தக் கோட்டை வெட்டி எடுத்து நேராக வரிசை படிக்கக் கொடுத்தால் ஒன்றும் புரியாது. ஒரே நீளத்தில் பல மரபணுக்களின் துண்டுகள் கலந்திருக்கும், வரிசைப் படத்தில் எழுத்துகளைக் காட்டும் உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். குளோனிங் செய்து, அதாவது ஒவ்வொரு துண்டையும் தனித்தனி பாக்டீரியாவுக்குள் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். இந்த இடத்தில் டாக் பாலிமரேஸின், அதாவது அந்த வெந்நீர் பாக்டீரியாவின் நொதியின், ஒரு பழக்கம் கைகொடுக்கிறது. அது வளர்க்கும் இழையின் முடிவில் கூடுதலாக ஓர் ஏ சேர்த்துவிடும். முனையில் டி நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்மிட் (துண்டைச் சுமந்து பாக்டீரியாவுக்குள் போகும் டிஎன்ஏ) அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு தட்டில் நீலமும் வெள்ளையுமாக முளைக்கும் பாக்டீரியா காலனிகளில், துண்டு ஏறியிருக்கும் வெள்ளையை எடுத்துப் படிக்கலாம். எங்களுக்குக் கிடைத்தவற்றில் ஹாக்ஸ், பாராஹாக்ஸ் என்ற ஹோமியோபாக்ஸ் மரபணுக் குடும்பங்களுக்கு நெருக்கமான துண்டுகள் இருந்தன. ஈயையும் எலியையும் பற்றிப் படித்த அதே வரிசை, மூளையே இல்லாத இந்தக் குழாய்க்குள்ளிருந்து திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இனி நான் மிகவும் வலியுறுத்தும் விஷயம். கிடைத்த 117 எழுத்துகளில் 17 முன் பிரைமருடையது, 18 பின் பிரைமருடையது. அவை ஹைட்ராவின் எழுத்துகள் இல்லை, நாம் எழுதி அனுப்பியவை. முதல் சுற்றில் கொஞ்சம் பொருந்தாமல் ஒட்டியிருந்தாலும், அடுத்த சுற்றிலிருந்து நகலெடுக்கப்படுவது பிரைமரின் எழுத்துதான். ஹைட்ரா நமக்குச் சொன்னது நடுவில் உள்ள 82 மட்டுமே. ஹோமியோபாக்ஸ் புரதங்களில் 51ஆம் இடத்தில் அஸ்பராஜின் இருப்பது கிட்டத்தட்டச் சட்டம் மாதிரி, டிஎன்ஏவைத் தொடும் அமிலம் அது. அந்த அஸ்பராஜின் நம் குளோனிலும் இருக்கிறது என்று ஒரு மாணவர் மகிழ்ச்சியாகக் காட்டினால், நான் பிரைமரின் வரிசையைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். 51ஆம் இடம் பின் பிரைமருக்குள்ளேயே வருகிறது. அது இருக்கிறதா இல்லையா என்று இந்தச் சோதனையால் சொல்லவே முடியாது.

அதேபோல, பட்டை வராததையும் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாக்டீரியா உலகத்தில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. புரதம் தயாரிக்கும் ரிபோசோமுக்கு வேண்டிய 16எஸ் ரிபோசோம் ஆர்என்ஏ மரபணு சுமார் 1500 எழுத்து. அதன் மாறாத பகுதிகளுக்கு எழுதிய பொதுப் பிரைமர்களை வைத்து, வளர்க்கவே முடியாத நுண்ணுயிர்களையும் அடையாளம் காணலாம். ஸ்டீபன் ஜியோவனோனியும் குழுவினரும் சர்காசோ கடல்நீரில் இப்படித் தேடி 1990இல் எஸ்ஏஆர்11 என்ற கூட்டத்தைக் கண்டார்கள். கடலில் மிக அதிகமாக வாழும் பாக்டீரியாக்களில் அது ஒன்று என்று பிறகு தெரிந்தது. ஆய்வகத்தில் அதை வளர்க்க முடிந்ததோ 2002இல்தான். அதே 2002இல் இதற்கு நேர் எதிரான செய்தியும் வந்தது. இக்னிகாக்கஸ் என்ற ஆர்க்கியாவின் (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒரு நுண்ணுயிர் வகை) மேல் குட்டிக் குட்டி உருண்டைகள் ஒட்டியிருப்பதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பொதுப் பிரைமர்கள் அவற்றின் 16எஸ் மரபணுவைப் பெருக்கவில்லை. எல்லா உயிர்களிலும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பிய இடங்களிலேயே அதன் எழுத்துகள் மாறியிருந்தன. நானோஆர்க்கியம் ஈக்விட்டன்ஸ் என்று பெயரிட்ட அந்த உயிரின் முழுத் தொகுதியும் 5 லட்சம் எழுத்துக்குள் அடங்கிவிடும். கண்ணால் பார்த்ததால் தப்பித்தது. பிசிஆரை மட்டும் நம்பியிருந்தால் அப்படி ஓர் உயிர் இருப்பதே தெரிந்திருக்காது.

சரி, 82 எழுத்தோடு நின்றுவிட வேண்டுமா? வேண்டாம். அங்கிருந்து வெளியே நடக்க வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 1988இல் வந்த தலைகீழ் பிசிஆர். தெரிந்த பகுதிக்குள் வெட்டாத ஒரு வெட்டு நொதியால் முழு டிஎன்ஏவையும் துண்டாக்குவோம். ஹைட்ராவுக்கு ஹிண்ட் 3 நல்ல தேர்வு. அது தேடும் ஏஏஜிசிடிடியில் ஆறில் நாலு எழுத்து ஏ, டி. அதனால் அந்த இடம் ஓரளவு அடிக்கடி வரும். பிறகு துண்டுகளை நிறைய நீர்க்கவைத்து, முனைகளை ஒட்டும் நொதியான லிகேஸ் சேர்த்து வைப்போம். செறிவு குறைவாக இருப்பதால் ஒரு துண்டின் முனை அடுத்த துண்டைத் தேடிப் போகாமல் தன் மறுமுனையையே பிடித்துக்கொள்ளும். கயிற்றின் இரு நுனியையும் முடிந்து வளையமாக்குகிற மாதிரி. இப்போது தெரிந்த 82க்குள்ளிருந்து வெளிப்பக்கம் பார்க்கும் இரண்டு பிரைமர்களை எழுதுவோம். சாதாரண டிஎன்ஏவில் அவை ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த் திசைகளில் போகும், ஒன்றும் பெருகாது. வளையத்தில் இரண்டும் சுற்றி வந்து சந்திக்கும். நடுவில் தெரியாத இரு பக்கமும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இந்த வரிசையைப் படிப்பதில் ஒரு சுவை இருக்கிறது. தெரிந்த பகுதியின் வலது பக்கத்தில் ஆரம்பித்து, புது எழுத்துகள் வரிசையாக வரும். எங்கோ ஓரிடத்தில் ஏஏஜிசிடிடி தென்படும். அதுதான் முடிச்சுப் போட்ட இடம். அதுவரை வந்தது மரபணுவின் வலப்புறம், அதற்கு மேல் வருவது இடப்புறத்தின் கோடியிலிருந்து உள்ளே வரும் எழுத்துகள். கடைசியில் நாம் அறிந்த 82இன் இடது ஓரத்தில் வந்து முடியும். முடிச்சில் வெட்டி இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் சரியான வரிசை. அதில் முதல் தடவையாக, பழைய பிரைமர்கள் உட்கார்ந்திருந்த இடங்களில் ஹைட்ராவின் சொந்த எழுத்துகள் தெரியும். 51ஆம் இடத்தில் அஸ்பராஜின் உண்மையிலேயே இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

இப்போதெல்லாம் முழுத் தொகுதியையே படித்துவிடலாமே, இந்தச் சுற்றுவழி எதற்கு என்று கேட்கிறார்கள். படிக்க முடிந்தால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் தொகுதி இன்னும் வராத உயிர்கள் ஏராளம். வந்தவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளில் இடைவெளிகள் இருக்கும், இரண்டு பக்கமும் தெரிந்த இடைவெளியை நிரப்பப் பிசிஆர் போதும். உள்ளே செருகிய ஒரு மரபணு தொகுதியில் எங்கே போய் விழுந்தது என்று கண்டுபிடிக்கத் தலைகீழ் பிசிஆர் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒரு மரபணு மட்டும் வேண்டும் என்றால் இதுவே நேரான வழி.

ஆகவே இந்த வேலையை எடுத்துக்கொள்ளும் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரிசையை வெளியிடுவதற்கு முன்னால் இரண்டு முனைகளிலும் பிரைமர் எழுத்துகளை வெட்டிவிடுங்கள். 117 இருந்த இடத்தில் 82 என்று போட மனம் வராதுதான், ஆனாலும் வெட்டுங்கள். நீங்கள் விட்டுவைக்கும் அந்த 35 எழுத்துகளை ஹைட்ராவுடையது என்று நம்பி வேறொருவர் அடுத்த பிரைமரை எழுதுவார்.